மலைக்கோட்டைக்கு ஒரு ராகம், தண்ணீருக்கு ஒரு ராகம்: முத்துஸ்வாமி தீட்சிதர் ஊர்களைப் பாட்டாக்கியது எப்படி?

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் வண்டியை எடுத்தால், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் மலைக்கோட்டை கண்ணில் பட்டுவிடும். அங்கிருந்து காவிரிப் பாலம் ஏறி இறங்கினால் வலது பக்கம் திருவானைக்கோவில், இடது பக்கம் ஸ்ரீரங்கம். மொத்தம் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆபீஸ், காலேஜ், ஆஸ்பத்திரி என்று தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போய் வருகிற பாதை இது.

இந்தப் பாதையில் இருக்கிற மூன்று இடங்களுக்கும் தனித்தனியாக ஒரு பாட்டு இருக்கிறது. மூன்றையும் எழுதி, ராகம் அமைத்து, பாடியவர் ஒரே ஆள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த முத்துஸ்வாமி தீட்சிதர்.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதற்கு மேல் பலருக்குத் தெரியாது. ஊர் ஊராக நடந்து, போன இடத்தையெல்லாம் பாட்டாக்கியவர் அவர். ஸ்காட்லாந்து நாட்டு நடன மெட்டு ஒன்றுகூட அவர் காது வழியாக சமஸ்கிருதப் பாட்டாக மாறியிருக்கிறது. அது எப்படி நடந்தது?

முதலில் ஸ்காட்லாந்துக்கு ஒரு சின்ன டிரிப்

1829-ம் ஆண்டு. பெலிக்ஸ் மெண்டல்சன் என்ற 20 வயது ஜெர்மானிய இசைக் கலைஞர் ஒரு நண்பரோடு ஸ்காட்லாந்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். ஜூலை கடைசியில் எடின்பரோவில் ஹோலிரூட் அரண்மனையை ஒட்டிய பாழடைந்த தேவாலயத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மெட்டு தோன்றியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரைக்குப் போய் ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் கடலைப் பார்த்தார். ஆகஸ்ட் 7-ம் தேதி வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சில வரி இசைக் குறிப்பு எழுதி அனுப்பினார். மறுநாள் படகில் ஸ்டாஃபா தீவுக்குப் போய் ஃபிங்கல் குகையைப் பார்த்தார். கடல் கொந்தளிப்பில் குமட்டல் தாங்காமல் திண்டாடியதுதான் மிச்சம்.

அந்தச் சில வரிகள்தான் பிறகு ‘ஹெப்ரிடீஸ்’ என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பாக வளர்ந்தது. 1832 மே மாதம் லண்டனில் அரங்கேறியது. பத்து நிமிடம்தான் ஓடும். வார்த்தையே கிடையாது. ஆனால் அலை வந்து பாறையில் மோதித் திரும்புவது போலவே கேட்கும். ஹோலிரூட்டில் தோன்றிய மெட்டு ‘ஸ்காட்டிஷ் சிம்பொனி’யாக முழுமை அடைய 1842 வரை ஆனது.

ஒரு நிலத்தைப் பார்த்து அதை இசையாக்குவது என்றால் மேற்கத்திய இசை ரசிகர்களுக்கு உடனே ஞாபகம் வருவது இந்த இரண்டும்தான். அதே 1829-ல் நம் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், இந்த வேலையை வேறு விதமாக ஏற்கெனவே பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்.

யார் இந்த தீட்சிதர்?

முத்துஸ்வாமி தீட்சிதர் பிறந்தது திருவாரூரில். 1775 மார்ச் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1776 என்று கணக்கிடுபவர்களும் உண்டு. தியாகராஜர், சியாமா சாஸ்திரி இருவரும் பிறந்ததும் அதே திருவாரூர்தான். மூன்று பேரும் பத்துப் பதினைந்து வருஷ இடைவெளிக்குள் பிறந்தவர்கள்.

அப்பா ராமஸ்வாமி தீட்சிதர் பெரிய வித்வான். இன்று கச்சேரிகளில் முதல் பாட்டாக அடிக்கடி கேட்கிற ஹம்ஸத்வனி ராகம் அவர் உருவாக்கியது. நீண்ட நாள் குழந்தை இல்லாமல் வைத்தீஸ்வரன்கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால், அங்கே இருக்கிற முத்துக்குமாரசுவாமியின் பெயரை வைத்தார்கள். அடுத்து சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்று இரண்டு தம்பிகள், பாலாம்பாள் என்று ஒரு தங்கை.

குடும்பம் திருவாரூரிலேயே இருந்துவிடவில்லை. சென்னைக்கு வடக்கே இருக்கிற மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பில் இருந்தவர், இசையில் பெரிய ஈடுபாடு உள்ளவர். அவர் ராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துக்கொண்டார். இளம் முத்துஸ்வாமியின் காதுக்குப் புது சத்தம் ஒன்று வந்து சேர்ந்தது அங்கேதான்.

கோட்டையில் கேட்ட பேண்டு

மணலி முதலியார் வீட்டுக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் போக்குவரத்து இருந்தது. கோட்டையில் கம்பெனிப் படையின் பேண்டு வாசிக்கும். அந்தப் படையில் ஆங்கிலேயர்கள், ஐரிஷ்காரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். அவரவர் ஊரின் நடன மெட்டும், நடைப் பாட்டும் அவர்களோடு கப்பல் ஏறி வந்துவிட்டது.

தீட்சிதர் சகோதரர்கள் இதைக் கேட்டார்கள். தம்பி பாலுஸ்வாமி ஒரு ஐரோப்பிய இசைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டார். அதில் நம் ராகங்களை வாசித்துப் பார்த்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்கவே முடியாது, இல்லையா? அதன் ஆரம்பப் புள்ளிகளில் முக்கியமானது இந்த மணலி வீடு.

அண்ணன் முத்துஸ்வாமி வேறொன்று செய்தார். காதில் விழுந்த மேற்கத்திய மெட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி சமஸ்கிருத வரிகள் எழுதினார். இவைதான் ‘நோட்டு ஸ்வரம்’ அல்லது நொட்டுஸ்வர சாகித்யம். ‘நோட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் நோட்டு ஆனது. சுமார் நாற்பது இப்படிக் கிடைத்திருக்கின்றன. எல்லாமே சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், அதாவது மேற்கத்தியர்கள் மேஜர் ஸ்கேல் என்று சொல்கிற வரிசையில் இருக்கும். நம் இசைக்கே உரிய கமகம், அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைப்பது, இதில் கிடையாது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சட்டென்று பாட வரும்.

‘சந்ததம் பாஹிமாம்’ என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அது பிரிட்டனின் தேசிய கீதத்தின் மெட்டு. ராஜாவைக் காப்பாற்றும்படி கடவுளை வேண்டுகிற அந்த மெட்டில், தீட்சிதர் தன்னைக் காப்பாற்றும்படி சங்கீத ச்யாமளா தேவியை வேண்டினார். ராஜா இருந்த இடத்தில் இசையின் தெய்வம் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் மாற்றம்.

இன்னொன்று ‘ஜகதீச குருகுஹ’. இதன் மெட்டு ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்லாந்து நடன மெட்டு என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். ரீல் என்பது ஜோடி ஜோடியாக வேகமாக ஆடுகிற நடனம். மெக்டொனால்ட் பிரபுக்களின் பூமி ஸ்கை தீவு. அது இருப்பது ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தில்!

மெண்டல்சன் ஹெப்ரிடீஸைப் பார்க்கக் கடல் கடந்து போனார். தீட்சிதருக்கோ ஹெப்ரிடீஸின் ஒரு துண்டு கடல் கடந்து மெட்ராஸுக்கே வந்து காதில் விழுந்தது. இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

காசிக்குப் போன பையன்

மணலி வீட்டுக்குச் சிதம்பரநாத யோகி என்ற துறவி வந்தார். முத்துஸ்வாமியைத் தன்னோடு காசிக்கு அனுப்பச் சொன்னார். அப்பாவுக்கு மனசே இல்லை. முதலியார் எடுத்துச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார் என்கிறது குடும்பத்தில் வழங்கும் வரலாறு.

காசியில் பல வருஷம். அங்கே யோகியிடம் வேதாந்தமும் ஸ்ரீவித்யா வழிபாடும் கற்றார். கூடவே வடநாட்டு இசையை, முக்கியமாக நிதானமாக நகரும் துருபத் பாணியை, கேட்டு ஊறினார். தீட்சிதர் பாட்டுகள் ஏன் இவ்வளவு மெதுவாக, யானை நடை மாதிரி நகர்கின்றன என்று கேட்பவர்களுக்கு இசை அறிஞர்கள் தருகிற பதிலில் இந்தக் காசி வாசத்துக்குப் பெரிய இடம் உண்டு. வீணையும் அவர் கையில் இருந்தது. கங்கையில் இறங்கச் சொல்லி யோகி அனுப்ப, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வீணை கிடைத்தது என்று ஒரு கதை உண்டு.

யோகி காசியிலேயே சமாதி அடைந்தார். தீட்சிதர் தெற்கே திரும்பினார்.

முதல் பாட்டு மலையில்

திரும்பி வந்தவர் திருத்தணிக்குப் போனார். அங்கே மலையில் தியானத்தில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, கற்கண்டு போட்டுவிட்டு மறைந்தார். முருகனே வந்ததாக நம்பிய தீட்சிதர் அங்கேயே முதல் கிருதியைப் பாடினார் என்பது மரபு. ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற அந்தப் பாட்டு மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. பாட்டு கற்றுக்கொள்ளும் குழந்தை முதல் நாள் ஸரளி வரிசை பாடுகிற அதே ராகம்.

அன்று முதல் ‘குருகுஹ’ என்பது அவருடைய முத்திரை. குகன் என்றால் முருகன். தீட்சிதர் பாட்டில் எங்காவது ஓரிடத்தில் இந்தச் சொல் வந்துவிடும். ஓவியர் மூலையில் போடுகிற கையெழுத்து மாதிரி.

அதன் பிறகு நடைதான். காஞ்சிபுரத்தில் சில வருஷம், பிறகு சொந்த ஊர் திருவாரூர், மாயவரம், தஞ்சாவூர், மதுரை என்று கோயில் கோயிலாக. ரயில் இல்லாத காலம். போன ஊரில் தங்கினார், பார்த்தார், பாடினார். ஐம்பூதங்களுக்கான ஐந்து சிவத்தலங்களுக்கும் ஆளுக்கொரு கிருதி உண்டு. மண்ணுக்குக் காஞ்சியில் பைரவி, நெருப்புக்குத் திருவண்ணாமலையில் சாரங்கா, காற்றுக்குக் காளஹஸ்தியில் உசேனி, ஆகாயத்துக்குச் சிதம்பரத்தில் கேதாரம். மிச்சமிருக்கிறது தண்ணீர். அது நம் திருவானைக்கோவில்.

திருச்சியில் மூன்று நிறுத்தம்

முதல் நிறுத்தம் மலைக்கோட்டை. ஊருக்கு நடுவே சுமார் 83 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிற பாறை. உச்சியில் பிள்ளையார், பாதி வழியில் தாயுமானவர். தீட்சிதர் தாயுமானவருக்குப் பாடியது ‘ஸ்ரீ மாத்ருபூதம்’, கன்னட ராகத்தில். மாத்ருபூதம் என்றால் தாயும் ஆனவர் என்பதன் நேர் சமஸ்கிருதம். திருச்சிப் பக்கம் பழைய தலைமுறையில் மாத்ருபூதம் என்ற பெயர் சகஜம்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரசவ வலியில் ஒரு பெண். உதவிக்கு வரவேண்டிய அம்மா, காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவனே அம்மா வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போனார். தீட்சிதர் இந்தக் கதையை, இறைவன் எடுத்த பெண் வேடத்தை, பாட்டுக்குள் வைத்தார். கூடவே அம்மன் மட்டுவார் குழலியின் பெயரை ‘சுகந்தி குந்தலாம்பா’ என்று சமஸ்கிருதமாக்கிச் சேர்த்தார். அர்த்தம் அதேதான், மணக்கும் கூந்தல் கொண்டவள்.

இரண்டாவது நிறுத்தம் திருவானைக்கோவில். கருவறையில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். தலமரம் வெண்நாவல். நாவல் மரத்துக்கு சமஸ்கிருதத்தில் ஜம்பு. பாட்டு ‘ஜம்புபதே’, ராகம் யமுனா கல்யாணி. தண்ணீர்த் தலத்துக்கு நதியின் பெயர் கொண்ட ராகம்! பாட்டுக்குள்ளும் கடல், கங்கை, காவிரி, யமுனை என்று வரிசையாகத் தண்ணீர் வருகிறது. காசியில் கங்கைக் கரையில் இருந்தவர், காவிரிக் கரையில் நின்று, வடக்கத்தி யமன் ராகத்தின் சாயல் கொண்ட ராகத்தில் பாடுகிறார். அவர் நடந்த தூரமெல்லாம் இந்த ஒரு பாட்டுக்குள் இருக்கிறது. இதே கோயிலின் அம்மனைப் பற்றி த்விஜாவந்தி ராகத்தில் ‘அகிலாண்டேஸ்வரி’ என்று தொடங்கும் பாட்டும் அவர் பெயரில் கச்சேரிகளில் பாடப்படுகிறது.

மூன்றாவது ஸ்ரீரங்கம். பாட்டு ‘ரங்கநாயகம்’, ராகம் நாயகி. ராகத்தின் பெயரைப் பாட்டுக்குள் ஒளித்து வைப்பது தீட்சிதருக்குப் பிடித்த விளையாட்டு. ரங்கநாயகி தாயாரின் பெயரிலேயே இங்கே நாயகி வந்துவிடுகிறது. பிரணவ வடிவ விமானம், இந்தத் தலத்தோடு சேர்ந்த விபீஷணன் என்று கோயிலின் அடையாளங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. பாட்டு நகர்வதும் மெதுவாகத்தான். பள்ளிகொண்ட பெருமாளை அவசரமாகப் பாட முடியுமா?

ஒன்று கவனியுங்கள். இன்று ஸ்ரீரங்கம் என்றாலே நினைவுக்கு வருகிற 236 அடி ராஜகோபுரம் தீட்சிதர் காலத்தில் முடிக்கப்படாத மொட்டைக் கோபுரம். அது கட்டி முடிக்கப்பட்டது 1987-ல்தான். கோபுரத்தைவிடப் பாட்டுக்கு வயது அதிகம்.

இப்படி ஒரு இடத்தைப் பாடுவதில் என்ன விசேஷம்?

மெண்டல்சன் கடலைப் பார்த்தபோது தன் மனசில் என்ன தோன்றியதோ அதை இசையாக்கினார். கேட்பவர் குகையின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அலை மட்டும் போதும்.

தீட்சிதர் பாட்டில் ‘நான் என்ன உணர்ந்தேன்’ என்பது குறைவு. தியாகராஜர் ராமனிடம் கோபிப்பார், கெஞ்சுவார், சண்டை போடுவார். தீட்சிதர் பெரும்பாலும் வர்ணிப்பார். சாமி பெயர், அம்மன் பெயர், ஊரின் பெயர், மரம், குளம், விமானம், தலக்கதை, அந்த ஊருக்கு வந்து வழிபட்டவர்கள் என்று விவரங்களை அடுக்குவார். நம் போன் மொழியில் சொன்னால், ஒவ்வொரு பாட்டிலும் லொகேஷன் டேக் இருக்கும். பாட்டைப் பிடித்துக்கொண்டே ஊரைக் கண்டுபிடித்துவிடலாம்.

விவரம் வார்த்தையில் என்றால், அந்த இடத்தில் நிற்கிற உணர்வு ராகத்தில். தண்ணீருக்கு யமுனா கல்யாணியின் குளிர்ச்சி, ரங்கநாதருக்கு நாயகியின் நிதானம். வார்த்தை புரியாதவர்களையும் அந்தப் பாட்டு பிடித்து உட்கார வைப்பது அதனால்தான்.

சோற்றுக்கு என்ன வழி?

இவ்வளவு பாடியவர் வசதியாக இருந்தாரா என்றால், இல்லை. திருவாரூரில் இருந்தபோது வீட்டில் அரிசி பருப்புக்கே தட்டுப்பாடு வந்ததாக அவர் வாழ்க்கைக் கதைகள் சொல்கின்றன. அவரிடம் பாட்டு கற்றுக்கொண்ட கமலம் என்ற கோயில் நடனப் பெண், தன் நகையை அடகு வைத்து மளிகை வாங்கித் தருவதாகச் சொன்னார். தீட்சிதர் வேண்டாம் என்றுவிட்டு, தியாகராஜ சுவாமியைப் பாடிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கே யாருக்கோ வந்த சாமான் அவர் வீட்டில் வந்து இறங்கியது என்று கதை முடிகிறது.

தஞ்சாவூர் ராஜாவைப் பாடினால் பொன் கிடைக்குமே என்று மனைவி கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. தீட்சிதர் ராஜாவைப் பாடவில்லை. லலிதா ராகத்தில் லட்சுமியைப் பாடினார். ‘ஹிரண்மயீம்’ என்ற அந்தப் பாட்டில், மனிதர்களை அண்டிப் பிழைப்பதை விட்டுவிட்டேன் என்கிற கருத்து வருகிறது.

கதைகளில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பக்தியில் சேர்ந்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் அந்தக் கதைகளில் வருகிற மனிதர்களைப் பாருங்கள். கமலம் கோயிலில் ஆடியவர். தம்பியப்பன் திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்தவர். அவருக்குத் தீராத வயிற்றுவலி வந்தபோது ஜாதகப்படி குரு கிரகத்தைப் பாடச் சொல்லி தீட்சிதர் கற்றுக்கொடுத்ததுதான் அடாணா ராகத்து ‘ப்ருஹஸ்பதே’. இன்று பரதநாட்டிய மார்க்கத்தை வகுத்துத் தந்தவர்களாகக் கொண்டாடப்படும் தஞ்சை நால்வர், அதாவது சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, நால்வரும் அவருடைய மாணவர்கள். குருவின் மீது நவரத்தின மாலையாகக் கிருதிகளே இயற்றினார்கள். நட்டுவனார் குடும்பம், மத்தளக்காரர், நடனக்காரர், வேதம் படித்த வித்வான் என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொடுத்தார். சமஸ்கிருதத்தில் பாடிய ஆச்சாரமான மனிதர் என்ற பிம்பத்துக்குள் இந்த மனிதர் முழுசாக அடங்கமாட்டார்.

எட்டயபுரத்தில் கடைசித் தீபாவளி

தம்பிகள் இருவரும் மதுரைப் பக்கம் போனார்கள். அங்கே சின்னஸ்வாமி இறந்துபோனார். பாலுஸ்வாமி எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாகச் சேர்ந்தார். அதைக் கேள்விப்பட்டு தீட்சிதர் தெற்கே கிளம்பினார். வழியில் வறண்ட பூமியைப் பார்த்து மனம் கலங்கி, அம்ருதவர்ஷினி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்பது இன்றும் சொல்லப்படுகிற கதை. காவிரிப் பாசனத்திலேயே வளர்ந்தவர் கரிசல் காட்டைப் பார்த்தபோது மழையைப் பாடினார் என்பது அந்தக் கதையில் இருக்கிற உண்மை. அங்கேயும் நிலம்தான் பாட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

1835 அக்டோபர், நரக சதுர்த்தசி. ஊரெல்லாம் தீபாவளி. தீட்சிதர் மாணவர்களைப் பாடச் சொன்னார். மதுரை மீனாட்சி மீது அவரே இயற்றிய ‘மீனாக்ஷி மே முதம்’ என்ற பூர்விகல்யாணி கிருதியை அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. 47 வருஷம் கழித்து அதே ஊரில் பாரதியார் பிறந்தார்.

பாட்டுகள் நம் கைக்கு வந்தது எப்படி?

இங்கேதான் நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். தீட்சிதர் புத்தகம் போடவில்லை. ரிக்கார்டிங் கிடையாது. சுமார் 450-க்கு மேல் என்று கணக்கிடப்படும் பாட்டுகள் எல்லாம் மாணவர்களின் தொண்டையிலும், ஓலையிலும், கைப்பிரதியிலும்தான் இருந்தன. ஒரு தலைமுறை அக்கறை இல்லாமல் போயிருந்தால் முடிந்தது கதை.

பாலுஸ்வாமிக்கு மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். 1839-ல் பிறந்தவர். அதாவது முத்துஸ்வாமி இறந்து நான்கு வருஷம் கழித்து. பாலுஸ்வாமியே அவரைத் தத்தெடுத்து, குடும்பச் சொத்தான பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். குடும்பச் சொத்தை வெளியே கொடுப்பதா என்ற தயக்கம் அந்தக் காலத்து வித்வான்கள் பலருக்கும் இருந்தது.

அதை உடைத்தவர்களில் ஒருவர் ஏ.எம்.சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். கர்நாடகப் பாட்டுகளை மேற்கத்திய நோட்டேஷனில் எழுதி அச்சிட ஆரம்பித்தவர். சுப்பராம தீட்சிதரிடம் உள்ளதெல்லாம் அச்சில் வரவேண்டும் என்று விடாமல் கேட்டார். எட்டயபுரம் அரண்மனை பணத்துக்குப் பொறுப்பெடுத்தது. 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில், எந்த ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்கான குறிகளோடு. முத்துஸ்வாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அதில் இருந்தன. சின்னசாமி முதலியார் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1906-ல் சுப்பராம தீட்சிதரும் காலமானார். இரண்டு வருஷம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிற்பாடு சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது.

வட்டம் எப்படி மூடுகிறது பாருங்கள். கோட்டையில் வெள்ளைக்காரப் பேண்டைக் கேட்டு ஒரு தீட்சிதர் மேற்கத்திய மெட்டுக்கு சமஸ்கிருதம் எழுதினார். நூறு வருஷம் கழித்து, நம் பாட்டுக்கு மேற்கத்திய நோட்டேஷன் எழுதிய ஒருவரின் பிடிவாதத்தால் அந்தக் குடும்பத்துப் பாட்டுகள் பிழைத்தன.

இது இன்றைக்கு ஏன் முக்கியம்?

சுத்தமான மரபு, கலப்படம் இல்லாத மரபு என்று இசையைப் பற்றி வாதம் வரும்போதெல்லாம் தீட்சிதரை நினைத்துக்கொள்ளலாம். மரபின் உச்சமாகச் சொல்லப்படுகிறவர் காசியில் கேட்டதை எடுத்துக்கொண்டார், கோட்டையில் கேட்டதையும் எடுத்துக்கொண்டார். எதையும் ஒளிக்கவில்லை. நோட்டு ஸ்வரத்தை நோட்டு ஸ்வரமாகவே வைத்தார், கிருதியைக் கிருதியாக வைத்தார். இரண்டிலும் குருகுஹ என்று கையெழுத்துப் போட்டார்.

புத்தூரில் இருக்கிற கல்லூரிக்குப் பெயர் தந்த பிஷப் ஹீபரும் அதே காலத்து ஆள்தான். இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரியார், கீர்த்தனைக் கவிஞர். 1826 ஏப்ரல் 3-ம் தேதி திருச்சியில் குளிக்க இறங்கிய குளத்திலேயே இறந்துபோனார். அப்போது தீட்சிதர் உயிரோடு இருந்தார். மலைக்கோட்டைப் பாறை இவர்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் ஸ்டாஃபா தீவுக்குப் படகில் போகிற சுற்றுலாப் பயணிகளுக்கு மெண்டல்சன் பெயரைச் சொல்லாமல் வழிகாட்டிகள் விடமாட்டார்கள். நமக்கு அப்படி யாரும் சொல்ல வேண்டியதில்லை. போன் கையில் இருக்கிறது. அடுத்த முறை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது ‘ஸ்ரீ மாத்ருபூதம்’ என்று தேடுங்கள். காவிரிப் பாலத்தில் ஏறும்போது ‘ஜம்புபதே’. கர்நாடக இசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கீழே ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது.